குழாயடிப் பாகிஸ்தான்

“எம் பொண்ணு இன்னாத்துக்கு பாகிஸ்தானு ஆவணும்? அத்த மொதல்ல சொல்லுங்க, அப்பால என்னிய ஒக்காரச் சொல்லுங்க!”

“சத்தம் போடாதேம்மா. இது ஸ்கூல்.”

“ஸ்கூலுன்னுதான் செருப்ப வெளிய உட்டுட்டு வந்துகீறேன். இல்லாங்காட்டி கையில எடுத்துகினு வந்திருப்பேன்!”

தலைமையாசிரியை தாட்சாயிணி அம்மாளின் அறைக் கதவு சாத்தித்தான் இருந்தது. சாத்திய கதவுக்கு வெளியே ஆயா, வாட்ச்மேன், பால் கார்டு விஷயமாக வந்த பெண்கள் என்று ஒரு சின்னக் கூட்டம் தற்செயலாக நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தது. உள்ளே, அட்லஸ் வைக்கும் பீரோவுக்குப் பின்னால் பத்மா டீச்சர் எதையோ தேடுவதுபோலக் குனிந்திருந்தாள். தேட ஒன்றும் இல்லை. அமுலுவுக்குப் பாகிஸ்தானைக் கொடுத்தது அவள்தான்.

விஷயம் இதுதான். ஆவடியைத் தாண்டி இருந்த அந்தப் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பின் பள்ளியில், 1987 மார்ச்சில், தேசிய ஒருமைப்பாட்டு விழா. டெல்லியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார். அவர் கண்முன் மைதானத்தில் ‘உயிருள்ள இந்தியா’ நிற்க வேண்டும். சுண்ணாம்புத் தூளால் தேசப்படம் போட்டு, மாநிலத்துக்கு ஒரு அஞ்சாங்கிளாஸ் பிள்ளை. சுற்றிலும் அண்டை நாடுகள். கடல்களுக்கு நீலத் துணி. அது கேன்டீன் கான்ட்ராக்டர் கஜபதியின் உபயம்.

யாருக்கு எந்த மாநிலம் என்பதில் பூகோளத்துக்கு வேலையே இல்லை. அந்தக் குடியிருப்பில் எல்லாமே அப்பாவின் கிரேடுதான். ஜன்னலுக்குக் கொசுவலை உண்டா, குழாயில் தண்ணீர் எப்போது வரும், பிள்ளையார் கோயில் பொங்கலில் முந்திரி யார் இலையில் விழும், எல்லாம் அதைப் பொறுத்தே நடக்கும். ஆகவே ஆபீசர் பிள்ளைகளுக்குக் காஷ்மீரும் பஞ்சாபும். ஃபோர்மன் வீட்டுக்கு மகாராஷ்டிரம், குஜராத். சார்ஜ்மேன் வீட்டுக்கு ஒரிசா, பீகார். தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு யூனியன் பிரதேசங்கள். மாநிலமென்றால் பட்டு, யூனியன் பிரதேசமென்றால் பருத்தி.

ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோதே அருணாசலப் பிரதேசமும் மிசோரமும் மாநிலமாகிவிட்டன. ரேடியோவில் செய்தி வந்த மறுநாள் காலையே இரண்டு அம்மாக்கள் பட்டு கேட்டு வந்து நின்றார்கள். “சர்க்குலர் வரட்டும், அதுவரைக்கும் பருத்தியிலேயே இருக்கட்டும்” என்று தாட்சாயிணி அம்மாள் சொல்லிவிட்டார். கோவாதான் பாவம். விழா முடிந்து, பரீட்சையும் முடிந்து, மே மாதம்தான் மாநிலமானது. அந்தப் பையனுக்குப் பட்டு கொடுத்துவைக்கவில்லை.

குடியிருப்பின் கிழக்குச் சுவருக்கு வெளியே, முத்தாபுதுப்பேட்டைப் பக்கமிருந்து வரும் பிள்ளைகளும் கொஞ்சம் பேர் அந்தப் பள்ளியில் உண்டு. தொழிற்சாலைக்கு நிலத்தை எடுத்தபோது ஊருக்குக் கொடுத்த வாக்கு. அவர்களுக்கு ‘வெளியார்’ என்று பெயர். வெளியாருக்கு அண்டை நாடுகள். நேபாளம், பூடான், பர்மா எல்லாம் சண்டையில்லாமல் போயின. சீனாவைக்கூட ஒரு பையன் வாங்கிக்கொண்டான். பாகிஸ்தானை வாங்கத்தான் ஆளில்லை. பத்மா டீச்சர் ஒரு ராத்திரி முழுக்க யோசித்தாள். யார் வீட்டிலிருந்து வந்து ஏனென்று கேட்கமாட்டார்கள்? அமுலுவுக்கு அப்பா இல்லை. அம்மா கன்னியம்மாளுக்கு எருமைகளை மேய்க்கவும் பால் ஊற்றவுமே பொழுது சரி. பள்ளிக்கூட வாசலை அவள் மிதித்ததே கிடையாது.

மிதிக்காதவள் இப்போது மிதித்துவிட்டாள்.

“இந்தப் பேக்டரியே எங்க மாமனாரு கடலக்கா போட்ட கொல்லையிலதான் கீது! எங்க நெலத்துல ஊடு கட்டிகினு, எங்களியே பக்கத்து நாடுன்றீங்களே, இது நாயமா?”

தாட்சாயிணி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினால் சொற்பொழிவு என்று அர்த்தம்.

“பாரும்மா. நாடுன்னா எல்லை வேணும். எல்லைன்னா அந்தப் பக்கம் யாராவது நிக்கணும். எல்லாரும் இந்தப் பக்கமே நின்னுட்டா நாம ஒத்துமையா இருக்கோம்னு எப்படித் தெரியும்?”

“அப்போ உங்க தங்கச்சி பொண்ண அந்தப் பக்கம் நிக்க வைக்கறது!”

“அவ தமிழ்நாடு. தமிழ்நாட்டை எப்படிம்மா விட்டுக்கொடுக்க முடியும்?”

கன்னியம்மாள் பீரோ பக்கம் திரும்பினாள். “பீரோவாண்ட நிக்கற டீச்சரே, நீங்க சொல்லுங்க. எம் பொண்ணு உங்களுக்கு இன்னா பண்ணா?”

பத்மா டீச்சர் வெளியே வந்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

“அமுலு நல்லாப் படிக்கிற பொண்ணுங்க. பெரிய ஸ்கூல்ல ஆறாங்கிளாஸ்ல வெளியாருக்குன்னு ஒரு சீட் இருக்கில்ல? அது அமுலுக்குத்தான். நான் பாத்துக்கறேன். இந்த ஒரு நாள் மட்டும் பொறுத்துக்குங்க.”

பெரிய ஸ்கூல் என்றால் குடியிருப்புக்குள்ளேயே இருக்கும் உயர்நிலைப் பள்ளி. அதில் படித்துத் தேறினால் தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் வேலைவரை கதவு திறக்கும். வெளியாருக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு சீட். அஞ்சாங்கிளாஸ் முழுப் பரீட்சையில் முதலில் வரும் வெளியாருக்கு. கான்ட்ராக்டர் வீடும் வெளியார் கணக்குதான் என்பதால், அந்த வருஷம் அது அமுலுவுக்கா, கஜபதியின் மகன் குணசேகரனுக்கா என்பதுதான் பேச்சு.

“வார்த்த மாற மாட்டீங்களே, டீச்சர்?”

“மாட்டேன்.”

கன்னியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “சரி. அப்போ நிக்கட்டும்.”

மறுநாள் காலை பத்மா டீச்சர் வீட்டுக்கு ஒரு தூக்குச்சட்டியில் எருமைத் தயிர் வந்தது. கத்தியால் வெட்டலாம்போல இருந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவுக்கு ராஜசேகரன் தலைவர். பள்ளிக் குழுவுக்கும் அவரே தலைவர். அவருடைய மகன் காஷ்மீர். ஒத்திகை பார்க்க வந்தவர், மகன் தலைக்குக் குடை பிடிக்கச் சொல்லிவிட்டு மேற்கே திரும்பினார். முகம் மாறிவிட்டது. மைதானத்தின் மேற்கில் தொழிற்சாலையின் மதில் சுவர். சுவர்மேல் முள்கம்பி. ‘புகைப்படம் எடுக்காதே’ என்ற பலகை. பலகைக்குக் கீழே, பச்சைப் பாவாடையில் அமுலு.

“அது யாரு?”

“பாகிஸ்தான், சார்” என்றார் பி.டி. மாஸ்டர் ஜேம்ஸ்.

“பாகிஸ்தான் நம்ம ஃபேக்டரி சுவர்ல சாஞ்சுகிட்டு நிக்குது. நீங்க எல்லாரும் பாத்துகிட்டு நிக்கறீங்க.”

“அமுலு சார் அது. அஞ்சாங்கிளாஸ்.”

“வயசு முக்கியமில்ல மிஸ்டர் ஜேம்ஸ், இடம் முக்கியம். அந்தச் சுவருக்கு உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது சார்.”

“தெரியக்கூடாது. எனக்கே பாதிதான் தெரியும். அந்த அளவுக்கு இங்க செக்யூரிட்டி வச்சிருக்கேன்.” பத்மா டீச்சரைப் பார்த்தார். “கிழக்குப் பக்கம் என்ன இருக்கு?”

“தண்ணிக் குழாய் சார். அப்புறம் சைக்கிள் ஸ்டாண்டு.”

“பாகிஸ்தானைக் குழாயடிக்கு மாத்துங்க.”

“சார், புத்தகத்துல பாகிஸ்தான் மேற்கே...”

“புத்தகம் அச்சடிச்சவனுக்கு நம்ம ஃபேக்டரி எந்தப் பக்கம்னு தெரியுமா? தெரிஞ்சிருந்தா அவனை உள்ள தள்ளணும்.”

“பாகிஸ்தான் போனா ராஜஸ்தான், குஜராத்?”

“அதுங்களும் கூடவே போகட்டும். எல்லையைத் திறந்தா போட்டுட்டுப் போறது?”

“வங்காளம், வங்கதேசமெல்லாம்?”

“இந்தப் பக்கம் வரட்டும். வங்கதேசம் சுவரோரம் நிக்கலாம், ஆட்சேபணை இல்ல.”

“அரபிக் கடல், சார்?”

“துணிதானே டீச்சர்? இழுங்க.”

பத்மா டீச்சருக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம். “சார்... சூரியன் இந்தப் பக்கம்தானே மறையுது?”

ராஜசேகரன் ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தார். “சூரியன் என் செக்‌ஷன்ல வராது” என்றார்.

அன்று சாயங்காலம் ஜேம்ஸ் மாஸ்டர் அரபிக் கடலைப் பாய்போலச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு மைதானத்தைக் கடந்தார். லட்சத்தீவாக முக்காலிமேல் நின்ற பையன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு கடல் பின்னாலேயே ஓடினான். எதிரே வங்காள விரிகுடா வந்துகொண்டிருந்தது. இரண்டு கடலும் மத்தியப் பிரதேசத்தில் முட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் வாய்ச்சண்டை.

அதோடு முடியவில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வசனம் உண்டு. ஃபோர்மன் மகள் குழாயடியில், காலை வெயில் கண்ணில் அடிக்க, “நான் குஜராத், மேற்கில் இருக்கிறேன்!” என்று கத்தியது. ராஜசேகரனுக்கு அது ரசிக்கவில்லை. சின்னப் பிள்ளைகளைப் பொய் சொல்லப் பழக்கக் கூடாது என்றார். ஆகவே வசனம் மாறியது. “நான் குஜராத், கிழக்கில் இருக்கிறேன்!” அந்தக் ‘கிழக்கில்’ பத்மா டீச்சரின் கையெழுத்து. அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. உத்தரவு ராஜசேகரன் மேஜைமேல் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. மேஜைக்கு எதிரே நின்றுகொண்டு திசையைப் பற்றி வாதாட யாருக்குத்தான் வாய் வரும்?

அண்டை நாடுகளுக்கு வசனம் கிடையாது. தலை குனிந்து நிற்க வேண்டும். வங்கதேசமாக நின்ற குணசேகரனுக்கு மட்டும், நீலத் துணிக்கு நன்றியாக ஒரு வரி: “நான் வங்கதேசம், மேற்கே இருக்கும் நண்பன்!”

ஒரு நாள் ஒத்திகை முடிந்து அமுலு குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “டீச்சர், நான் கெழக்கா, மேற்கா?”

பத்மா டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். “மேற்குதான். புத்தகத்துல இருக்கறதுதான் நெஜம். இது சும்மா விழாவுக்கு.”

“அப்போ பரிச்சையில இன்னா எழுதணும்?”

“நெஜத்தத்தான் எழுதணும், அமுலு.”

விழா நாளும் வந்தது. டெல்லி அதிகாரி வெயில் ஏறியபிறகு வந்தார். இளநீர் குடித்தார். உயிருள்ள இந்தியாவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். ராஜசேகரனுக்கு வேர்த்தது, பத்மா டீச்சருக்கு உள்ளுக்குள் ஒரு நப்பாசை, இவராவது கண்டுபிடித்துவிட மாட்டாரா என்று. அதிகாரி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“அரசாங்க வேலையாக நான் குஜராத்துக்குப் பல தடவை போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் விமானம் ஏறியதும் தூங்கிவிடுவேன். ஆகவே அது எந்தத் திசையில் இருக்கிறது என்று கவனிக்க முடிந்ததில்லை. இன்று இந்தக் குழந்தைகள் என் கண்ணைத் திறந்தார்கள். இவ்வளவு பாதுகாப்பான இந்தியாவை நான் எங்குமே பார்த்ததில்லை. இதை அழிக்காதீர்கள். சிமெண்டில் போடுங்கள்.”

கைதட்டல். அடுத்த வாரமே சிமெண்டில் போட்டுவிட்டார்கள்.

ஏப்ரலில் முழுப் பரீட்சை. ‘இந்தியாவுக்கு மேற்கே உள்ள அண்டை நாடு எது?’ வருஷா வருஷம் வரும் கேள்வி. பிள்ளைகள் கண்ணை மூடி மைதானத்தை நினைத்துப் பார்த்தன. சுவரோரம் குணசேகரன் நின்றான். வங்கதேசம் என்று எழுதின. குணசேகரனும் தன் பெயரையே எழுதுவதுபோல நிம்மதியாக எழுதினான். அமுலு ஒருத்தி மட்டும் பாகிஸ்தான் என்று எழுதியிருந்தாள்.

பத்மா டீச்சர் விடைத்தாள்களை அள்ளிக்கொண்டு தலைமையாசிரியை அறைக்கு ஓடினாள்.

“எல்லாரும் தப்பா எழுதியிருக்காங்க மேடம். அமுலு மட்டும் சரி.”

தாட்சாயிணி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

“எல்லாருக்கும் தப்பு போட்டா விழா தப்புன்னு ஆயிடும். விழா தப்புன்னா சிமெண்ட் தப்பு. சிமெண்ட் தப்புன்னா டெல்லி தப்பு. டெல்லி தப்புன்னு சொல்ற கிரேடா நீயும் நானும்?”

“புத்தகத்துல...”

“புத்தகம் மாறும் பத்மா. சிமெண்ட் மாறுமா?”

“ரெண்டு பதிலுக்குமே மார்க் போட்டுடலாமே?”

“மேற்கே ரெண்டு நாடு வச்சா செக்யூரிட்டி ஒத்துக்குமா? பைத்தியமா உனக்கு?” தாட்சாயிணி அம்மாள் சிவப்பு மை பேனாவை நீட்டினார். குரலில் பாசம்கூட இருந்தது. “உன்னோட ஆர்டர் இந்த வாரம் கையெழுத்தாகுதுன்னு ராஜசேகரன் சார் சொன்னார். நல்ல நேரத்துல எதுக்குக் கெடுத்துக்கறே?”

பத்மா டீச்சர் அங்கேயே, நின்றபடியே, அமுலுவின் விடைமேல் தப்பு போட்டாள். சின்னதாகத்தான் போட்டாள். சின்னதாகப் போட்டால் என்ன, பெரிதாகப் போட்டால் என்ன. அந்த ஒரு கேள்வியில்தான் குணசேகரன் முந்தினான். பெரிய ஸ்கூல் சீட் அவனுக்கு. பத்மா டீச்சருக்கு வேலை நிரந்தரம். இரண்டு செய்தியும் ஒரே நாளில் வந்தன. கஜபதி எல்லா டீச்சர்களுக்கும் லட்டு கொடுத்தனுப்பினார்.

அன்று சாயங்காலம் கன்னியம்மாள் வருகிறாள் என்று தெரிந்ததும், வாட்ச்மேன் முதல் ஆயாவரை எல்லோரும் தலைமையாசிரியை அறைக் கதவருகே கூடிவிட்டார்கள். போன தடவையைவிடப் பெரிய கூட்டம். கன்னியம்மாள் செருப்பை வெளியே விட்டாள். உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே நின்றாள்.

“அமுலு தப்பா எழுதிட்டாளாமே, டீச்சர்.”

பத்மா டீச்சர் எழுந்து நின்றாள்.

“சோறு துன்னாம அழுதுகினே கீறா. டீச்சரு நமக்கு மட்டும் தனியா சொல்லிக் குடுத்தாங்க, நான்தான் மாத்தி எழுதிட்டேன் போலன்னு சொல்லிச் சொல்லி அழுவுறா. உங்களாண்ட மன்னாப்பு கேட்டுகினு வரச் சொன்னா.” கன்னியம்மாள் மூக்கை உறிஞ்சினாள். “நீங்க இன்னா பண்ணுவீங்க பாவம், பொண்ணு எழுதினாத்தான மார்க்கு போடுவீங்க. அந்தத் தூக்குச்சட்டி உங்க ஊட்லயே கீது. குடுத்தீங்கன்னா எடுத்துகினு போறேன்.”

பத்மா டீச்சர் அவளை வீட்டுக்கு அழைத்துப் போய், ஏற்கெனவே கழுவியிருந்த தூக்குச்சட்டியை இன்னொரு தடவை தேய்த்துத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தாள். சண்டை பார்க்கக் கூடியவர்களுக்குத்தான் ஏமாற்றம். “இன்னாடா இது, சப்புன்னு பூட்ச்சி” என்று கலைந்து போனார்கள்.

அப்புறம் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ராஜசேகரன் புனேக்கு மாற்றலாகிப் போனார்; எந்தத் திசையில் ரயில் ஏறினார் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. காஷ்மீர் அமெரிக்கா போய் அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டது. தாட்சாயிணி அம்மாள் ஓய்வுபெற்று, தமிழ்நாடாக நின்ற தங்கை மகளோடு பெங்களூரில் இருக்கிறார். ஜேம்ஸ் மாஸ்டர் நேபாளத்தின் அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டார். அது ஒத்திகையிலேயே தொடங்கிய சமாசாரம் என்று ஆயா அப்போதே சொன்னாள். குணசேகரன் ஒன்பதாங்கிளாஸோடு பெரிய ஸ்கூலை விட்டு நின்று அப்பாவின் கேன்டீனைப் பார்த்துக்கொள்கிறான். சிமெண்ட் இந்தியாமேல் இப்போது சைக்கிள் நிறுத்துகிறார்கள்.

பத்மா டீச்சருக்கு மாங்காட்டு மாப்பிள்ளை. பார்த்தசாரதி, பேங்க் வேலை, தங்கமான மனுஷன். சொந்த வீடு. ஹால் ஜன்னல் மேற்குப் பார்த்தது. சாயங்காலமானால் டீச்சர் அதைச் சாத்திவிடுவாள். வெயில் என்று காரணம் சொல்வாள். மழைக்காலத்திலும் அதே காரணம்தான்.

அமுலு ஊர் அரசுப் பள்ளியில் பத்தாவதுவரை படித்தாள். வேலப்பன்சாவடியில் லாரி ஓட்டும் இராமகிருஷ்ணனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். 1998-இல் ஒரு செவ்வாய்க்கிழமை மாங்காடு அம்மன் கோயில் வரிசையில், கையில் எலுமிச்சம்பழத்தோடு பத்மா டீச்சர் நின்றபோது, பின்னாலிருந்து ஒரு குரல்.

“டீச்சர்! என்னியத் தெரியலையா? நான்தான், பாகிஸ்தானு!”

வரிசையே திரும்பிப் பார்த்தது. அமுலு சிரித்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் ஒரு குழந்தை, பக்கத்தில் புருஷன்.

“போன மாசம் இவரோட லாரியில குஜராத்து போய் வந்தேன் டீச்சர். போர்பந்தர்ல லோடு எறக்கிட்டு, சாயங்காலமா கடலாண்ட போய் நின்னோம். நம்ம மெரினாவுல காத்தால சூரியன் கடல்லேர்ந்து மேல வருமில்ல? அங்க கடலுக்குள்ள எறங்குது! அப்படியே பாத்துகினே நின்னேன். எனக்கு உங்க நெனப்புதான். மேற்குதான டீச்சர் அது?”

“மேற்குதான்” என்றாள் பத்மா டீச்சர்.

“அப்போ நான் எழுதினது?”

“சரிதான் அமுலு. அன்னிக்கே சரிதான்.”

அமுலு புருஷனைப் பார்த்தாள். “பாத்தியா? நான் சொல்லல?” அப்புறம் டீச்சர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். “அவ்ளோ பேரு பேப்பரு திருத்துறீங்க, கண்ணு அசந்திருக்கும். உடுங்க டீச்சர். நீங்க எனக்குச் சரியாத்தான சொல்லிக் குடுத்தீங்க.”

வரிசை நகர்ந்தது. பின்னாலிருந்தவர்கள் “ஏம்மா, போம்மா” என்று தள்ளினார்கள். பத்மா டீச்சர் சந்நிதிவரை போய், வேண்டிக்கொள்ள ஒன்றும் தோன்றாமல் நின்று, எலுமிச்சம்பழத்தைக் கொடுக்க மறந்து, கையிலேயே வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டாள் என்று கேள்வி.

அடுத்த வருஷம் இராமகிருஷ்ணனுக்குப் போர்பந்தரிலேயே ஒரு லாரி ஷெட்டில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு அங்கேயே போய்விட்டார்கள். முத்தாபுதுப்பேட்டையில் யாராவது “உன் பொண்ணு எங்கம்மா கீறா?” என்று கேட்டால், கன்னியம்மாள் எருமையை ஓட்டிக்கொண்டே கையை நீட்டிக் காட்டுகிறாள், ஃபேக்டரி சுவர் இருக்கிற பக்கம்.